சில்லறைச் செலவு

பொத்தான் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
படியேறி வருகிறவர் முதலில் கேட்பது
"ஏனுங்க, பனியன் கம்பெனிங்களா இது?"
இல்லை, ஆற்றுக்காக, என்று ஆரம்பிப்பேன்.
பாதியிலேயே இறங்கிவிடுவார்.

நான் கணக்கெழுதுகிறவள்.
நொய்யலை மாதத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம்.
என்னிடம் அது சீட்டுகளாகத்தான் வந்து சேரும்:
பாட்டில் இருபத்துநாலு.
மீன்கடை ஐஸ், அறுபது ரூபாய்.
ரப்பர் பூட்ஸ், ஒன்று.
ஒன்றா, ஜோடியா என்று கேட்டால்
"எடது காலுது மட்டும் சேத்துக்குள்ள போயிருச்சுங்க"
என்கிறான் ஜெய்லானி.
ஒற்றைக் காலுக்கு எந்தக் கடையில் தருவார்கள்?
ஜோடியாக வாங்கி ஜோடியாக எழுதினேன்.
உபரி வலது கால்
இன்னும் என் மேசைக்கடியில் நிற்கிறது.

பொங்கியண்ணன் பதினாறு வருசம்
சாயப்பட்டறையில் விஞ்ச் ஓட்டியவர்.
மீட்டரை முக்குவதற்கு முன்பே
குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார்:
"நேத்து ராத்திரி போட்ட நேவி ப்ளூ.
ரெண்டாவது அலசல்."
எந்தப் பட்டறை என்றும் தெரியும்.
அதை மட்டும் சொல்ல மாட்டார்.
மீட்டர் சொல்லட்டும் என்பார்.
அவர் நகக்கண்ணில் அந்த நீலம் இன்னும் போகவில்லை.

சம்பூரணி பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவள்.
ஆறு வரையச் சொன்னால்
பிள்ளைகள் எல்லா நிறத்தையும் கேட்டு வாங்குகிறார்களாம்.
ஒருத்தி ஆற்றை விட்டுவிட்டு
மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தில் போகும்
ஒரு பஸ் முழுக்க ஆட்களை வரைந்திருந்தாள்.
முதல் பரிசு. பேனா, எட்டு ரூபாய்.
சீட்டு இருக்கிறது.

ஆவணியில் ஒரு காசோலை வந்தது.
மூன்று லட்சம்.
கூடவே நாலு வரிக் கடிதம், நற்பணி சிறக்க என்று.
எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
பொங்கியண்ணன் பட்டறைப் பெயரைத்
தூரத்திலிருந்தே பார்த்தார்.
பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டப் போய்விட்டார்.

கூட்டம் போட்டோம்.
"காசுக்கு ஏதுங்க நெறம்" என்றார் தலைவர்.
"இருக்குதுங்க" என்றான் ஜெய்லானி,
"அஞ்சாவது கொழாய்ல வந்து பாருங்க."
சம்பூரணி மட்டும்,
"வேண்டாம்னு சொல்ல என்னயக் கூப்படாதீங்க.
வேணும்னும் சொல்ல மாட்டேன்.
பையனுக்கு பீஸ் கட்டோணும்" என்றாள்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
நடவடிக்கைக் குறிப்பில்
"விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன்.
டீ ஆறு, வடை ஐந்து.

காசோலை என் இழுப்பறையில் கிடந்தது.
மூன்று மாதம் செல்லும்.
யாருக்கும் நான் நினைவூட்டவில்லை.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
பஞ்ச் மிஷின் எடுக்கத் திறக்கும்போதெல்லாம்
அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஐப்பசியில் அடைமழை.
மழையோடு மழையாகத் திறந்துவிட்டால்
ஆறே அலசிக்கொள்ளும் என்பது
பட்டறைக்காரர்களின் பழைய கணக்கு.
ஒரே மொபெட்டில், ஒரே ரெயின்கோட்டில்
இரண்டு பேரும் போயிருந்தார்கள்.
விடிவதற்கு முன் போன்.
"நோட்டு நனஞ்சு கூழாயிருச்சு அம்மிணி,
நீங்க எழுதிக்குங்க.
நாலு மணி பத்து நிமிசம்.
அஞ்சாவது கொழாய்.
ஆறாயிரத்து நூத்தி எம்பது."

கரண்ட் இல்லை.
கைப்பையைத் துழாவி, அகப்பட்ட தாளில் எழுதினேன்.

ஒன்று சொல்லவேண்டும்.
அந்தக் காசோலை அன்றைக்கு என் பையில்தான் இருந்தது.
காலையில் வங்கி திறந்ததும் போட்டுவிடலாம்,
பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று
முந்தின நாள் பொழுதோட எடுத்து வந்திருந்தேன்.
வீட்டு வாடகை ஐந்தாம் தேதி.

விடிந்ததும் பார்க்கிறேன்.
பின்பக்கம் முழுக்க என் கையெழுத்து.
நேரம், குழாய், எண்.
ஊற்றுப் பேனா மசி வேறு
முன்பக்கம் தொகைவரை ஊறியிருந்தது.

இருட்டில் தெரியவில்லை என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.
பொங்கியண்ணன் அதை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மாதிரிப் பதிவேட்டில் அவரே ஒட்டினார்.

தணிக்கைக்கு இன்னும் எட்டு நாள்.
அன்றைய ஐஸ் காசை மட்டும்
ஜெய்லானி இதுவரை கேட்டு வாங்கவில்லை.